ஐம்பது சென்டிமீட்டர் கடற்புல்

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கழிமுகத்தை மூடுவதென்று முடிவாகியிருந்தது.

ஆறு வந்து கடலில் கலக்கிற அவ்வளவு பெரிய இடத்தை எதைப் போட்டு மூடுவார்கள் என்று கேட்கலாம். ஒரு காகிதம் போதும். அதில் ஒரு கையெழுத்து, கீழே ஒரு முத்திரை. மறுநாளிலிருந்து மூன்று வருடங்களுக்கு ஆழமில்லாத பகுதியில் வலை விரிக்கக் கூடாது, நண்டுக் கூடு இறக்கக் கூடாது, படகு நுழையவே கூடாது. அதை நம்பிப் பிழைக்கிற நாற்பத்திரண்டு படகுகளும் கரையில் கவிழ்ந்து கிடக்க வேண்டியதுதான்.

அந்தக் காகிதத்துக்குக் காரணம் ஒரு எண். அந்த எண்ணைக் கொடுத்தவள் புல் மேடம்.

படகுக்காரர்கள் வைத்த பெயர் அது. கடல் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு நீளமாக ஒரு பதவிப் பெயர் இருந்தது; அதை யாரும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. வேலை என்னவோ சுருக்கமானது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கடற்புல்லை எண்ண வேண்டும். பாசி வேறு, கடற்புல் வேறு. இதற்கு வேர் உண்டு, பூ உண்டு. மீன் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒளிந்து வளர்வது இதற்குள்தான். புல் போனால் பின்னாலேயே மீனும் போகும்.

எண்ணுகிற விதம் இதுதான். கழிமுகத்தில் மூன்று இடங்களில் இரும்புக் கம்பி நட்டு, கம்பிக்குக் கம்பி ஐம்பது மீட்டர் நாடாவை இழுத்துக் கட்டுவார்கள். ஒவ்வொன்றும் ஒரு கோடு. கோட்டின் மேல் ஐந்து மீட்டருக்கு ஒரு இடமாக, பக்கத்துக்கு ஐம்பது சென்டிமீட்டர் உள்ள சதுர ஃப்ரேமைத் தரையில் வைப்பார்கள். முகமூடிக் கண்ணாடியோடு தலையைத் தண்ணீருக்குள் விட்டு, ஃப்ரேமுக்குள் எத்தனை குருத்து என்று ஒவ்வொன்றாக எண்ணி, பிளாஸ்டிக் சிலேட்டில் பென்சிலால் எழுத வேண்டும். கூடவே, தரையில் எத்தனை சதவீதம் புல் மூடியிருக்கிறது என்று கண்மதிப்பாக ஒன்றும் குறிக்க வேண்டும்.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு வரை ஃப்ரேமுக்குச் சராசரி நூற்றிருபது குருத்து. பிறகு குறைந்தது. கடைசிச் சுற்றில் நூற்றைந்து. பழைய சராசரியைவிடத் தொடர்ந்து ஆறு சுற்று பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் பகுதியை மூடலாம் என்பது விதி. ஆறு சுற்றும் ஆகிவிட்டது.

திங்கட்கிழமை, எல்லை மிதவைகள் எங்கெங்கே வரும் என்று பார்க்கப் புல் மேடம் படகில் போனாள். படகு ரேடியோவுடையது. வாய் ஓயாமல் பேசுகிறவர் என்பதால் அந்தப் பெயர். தன் பிழைப்பை மூடப்போகிற மிதவைகளுக்கு இடம் பார்க்கத் தானே படகு ஓட்டிப் போகிற கொடுமையை நினைத்து, அன்றைக்கு அவரே கால் மணி நேரம் பேசாமல் இருந்தார். அதற்கு மேல் முடியவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா?"

"வேண்டாம்னா விட்டுடவா போறீங்க?"

"புல்லு எங்க குறைஞ்சிருக்கு? சும்மா சொல்லுங்க. ஒண்ணாம் கோட்டுல துடுப்பு இறங்க மாட்டேங்குது, அவ்ளோ அடர்த்தி. ரெண்டாம் கோட்டுல போன வாரம் என் மோட்டார்ல சுத்திக்கிச்சு. நீங்க குறைஞ்சுடுச்சு, குறைஞ்சுடுச்சுன்னு எழுதறீங்க."

"எண்ணிப் பாத்தா குறைஞ்சிருக்கு அண்ணே."

"எண்ணிப் பாத்தா என் பொண்டாட்டி தலையில முடிகூடத்தான் தினம் குறையுது. அதுக்காக அவளை மொட்டைன்னு சொல்லிட முடியுமா? சொன்னா வீட்டுல சோறு கிடைக்குமா?"

புல் மேடம் சிரித்துவிட்டாள். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த ஆள் சொல்வதில் விஷயம் இல்லாமல் இல்லை. ஆறு சுற்றாகக் குருத்து எண்ணிக்கை கீழே கிடந்தது. கண்மதிப்புச் சதவீதமோ ஒன்றாம், இரண்டாம் கோடுகளில் இறங்கவே இல்லை. ஆறு மாதத்துக்கு முன்பே நிலையத்தின் டைரக்டரிடம் கேட்டிருந்தாள்.

"கண்ணு ஏமாத்தும்மா. எண்ணிக்கை ஏமாத்தாது" என்று சொல்லி அவர் கோப்பை மூடிவிட்டார். அவளும் விட்டுவிட்டாள். விடுவதில் அவளுக்கும் ஒரு சௌகரியம் இருந்தது. மூன்று வருடமாக இந்த இடத்தை மூடி வையுங்கள், புல் பெருகட்டும் என்று எழுதிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. ஒரு பக்கம் நாத்தனாரின் தையல் மிஷின். மறு பக்கம் தரை நிறைய முக்கால் இஞ்ச் பிளாஸ்டிக் பைப். நடுவில் புல் மேடத்தின் கணவர், வாயில் பென்சிலோடு.

அவர் பிளம்பர். அந்த வட்டாரத்தில் பாதிக் குளியலறைகளுக்கு அவர்தான் குழாய் போட்டவர். ஒன்றரை வருடத்துக்கு முன் ஆராய்ச்சி நிலையத்தின் பழைய இரும்பு ஃப்ரேம் படகிலிருந்து நழுவி ஆழத்தில் போய்விட, புதிது வாங்க எழுதிப் போட்டால் ஆறு மாதம் ஆகும் என்றார்கள். "இதுக்குப் போயா? நாலு பைப், மூலைக்கு ஒண்ணா நாலு எல்போ. அரை மணி நேர வேலை" என்று செய்து கொடுத்தவர் அவர். தண்ணீர் புகுந்து தானாக மூழ்க வேண்டும் என்று யோசித்து நாலு பக்கமும் ஓட்டைகூடப் போட்டிருந்தார். நிலையத்தில் எல்லோரும் அதைப் பாராட்டினார்கள். மூடப்போகிற பகுதிக்கு இன்னும் நாலு கோடு வரப்போவதால், இப்போது மேலும் நாலு ஃப்ரேம் வேண்டும்.

"இந்தாம்மா, இந்த முனையைப் பிடி. ஆடாம பிடி."

அவள் பிடித்தாள். அவர் நாடாவை வைத்து நாற்பத்தாறில் ஒரு கோடு போட்டு, ரம்பத்தை எடுத்தார்.

"என்னங்க, ஐம்பதுதானே? நாற்பத்தாறுல வெட்டறீங்க?"

"எல்போ இருக்குல்ல. அது ஒரு பக்கம் கொஞ்சம் எடுத்துக்கும், அந்தப் பக்கம் கொஞ்சம் எடுத்துக்கும். ஐம்பதுலயே வெட்டினா மொத்தம் கூடிப் போயிடும். இதெல்லாம் உங்க காலேஜ்ல சொல்லித் தர மாட்டாங்க."

"பெருமையைப் பாரு" என்றாள் நாத்தனார், மிஷினை மிதித்துக்கொண்டே. "அண்ணி, எங்க அண்ணன் எனக்குத் துணி வெட்டறதைக்கூடச் சொல்லித் தர வந்தவர்."

"நீ சும்மா இரு. ஜாக்கெட் தைக்கச் சொன்னா தலகாணி உறை தைக்கறவ."

புல் மேடம் அதைக் காதில் வாங்கவில்லை. அவள் கண் நாற்பத்தாறிலேயே நின்றது.

"அப்போ முடிச்சதும் ஐம்பது எங்கேர்ந்து எங்க வரும்?"

"சென்டர் டு சென்டர்."

"அப்படின்னா?"

"இந்தப் பைப்போட நடுவுலேர்ந்து அந்தப் பைப்போட நடு வரைக்கும். குழாய் வேலையில எப்பவும் அப்படித்தான் அளப்போம். நீ ஐம்பதுன்னே, நான் சுத்தமா ஐம்பது செஞ்சு கொடுத்தேன். ஒரு மில்லி கூடாது, குறையாது."

"உள்ளே?"

"உள்ளேன்னா?"

"உள்பக்கம். புல்லு இருக்கற பக்கம். பைப்போட உள்விளிம்புலேர்ந்து உள்விளிம்பு எவ்வளவு?"

மிஷின் நின்றது. பிளம்பர் வாயிலிருந்து பென்சிலை எடுத்தார். புல் மேடம் உள்ளே ஓடி, பையோடு சாய்ந்திருந்த, அவர் முன்பு செய்த பழைய பைப் ஃப்ரேமைக் கொண்டுவந்து தரையில் போட்டாள். அவரே நாடாவை வைத்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நாற்பத்தேழு" என்றார். "நாற்பத்தேழு, கூட ஒரு மூணு மில்லி."

புல் மேடம் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். ஐம்பதை ஐம்பதால் பெருக்கினால் இரண்டாயிரத்தைந்நூறு. நாற்பத்தேழே சொச்சத்தைப் பெருக்கினால் இரண்டாயிரத்து இருநூற்றுச் சொச்சம். இடமே பத்து சதவீதம் குறைவு. சின்னக் கூடையில் அள்ளிவிட்டு அரிசி குறைந்துபோச்சு என்று ஒன்றரை வருடமாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீ உள்ளளவுன்னு சொல்லலையே" என்றார் அவர், சன்னமாக.

"நீங்க கேக்கலையே."

"அண்ணி, தையல்ல முதல் கேள்வியே இதுதான்" என்றாள் நாத்தனார். "உடம்பளவா, துணியளவா? கேக்காம கத்திரியை எடுத்தா அந்தத் துணி நமக்குத்தான்." அண்ணன் முறைத்த முறைப்பில் மறுபடி மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

அவர் மேல் கோபப்பட்டு என்ன பிரயோசனம்? கடலில் இறங்கும் முன் உப்புமானியைச் சோதிப்பாள், வெப்பமானியைச் சோதிப்பாள், ஐம்பது மீட்டர் நாடா நீண்டிருக்கிறதா என்றுகூடப் பார்ப்பாள். ஃப்ரேமுக்கு மட்டும் நாடா வைக்கவில்லை. வீட்டுக்காரர் செய்தது, சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேறு யாராவது செய்து கொடுத்திருந்தால் முதல் நாளே அளந்திருப்பாள்.

"இப்ப ஒண்ணு செய்யுங்க" என்றாள். "உள்ளளவு ஐம்பது. ஒரே ஒரு ஃப்ரேம். காலைல ஏழு மணிக்குத் தண்ணி வடியும்."

புதன்கிழமை ஏழு மணிக்கு மூன்று பேர் ஒன்றாம் கோட்டில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்கள். பிளம்பர் தானும் வருவேன் என்று வந்திருந்தார். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரோடு பிழைக்கிறவர். படகில் ஏறின பத்தாவது நிமிடம் முகம் வெளுத்துவிட்டது.

"குழாய்த் தண்ணி வேற, இது வேற சார்" என்றார் ரேடியோ. "இதை மூடித் திறக்க முடியாது."

பத்து இடங்களில், ஒரே புள்ளியில், முதலில் பழைய ஃப்ரேம், பிறகு அதை எடுத்துவிட்டு அதே நடுவில் புதிய ஃப்ரேம். புல் மேடம் எண்ணினாள். பழையதில் சராசரி நூற்றிருபத்தொன்று. புதியதில் நூற்று முப்பத்தைந்து. பழைய இரும்பு ஃப்ரேம் காலத்தில் இதே கோட்டில் நூற்று முப்பது வந்திருக்கிறது. இங்கே புல் குறையவே இல்லை.

ரேடியோவிடம் மறைக்க முடியவில்லை, சொன்னாள். அவர் முதலில் பிளம்பரைப் பார்த்தார், பிறகு ஃப்ரேமைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"ரெண்டே முக்கால் சென்டிமீட்டர்" என்றார். "அதுக்கு நாற்பத்திரண்டு படகு."

அதற்கு மேல் அவர் கத்தியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கரை வரும் வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

மத்தியானம் அலுவலகத்தில் உட்கார்ந்து ஆறு சுற்றுக் கணக்கையும் சரியான பரப்பளவுக்கு மாற்றிப் போட்டாள். கடைசிச் சுற்றின் மொத்தச் சராசரி நூற்றைந்திலிருந்து நூற்றுப் பதினேழாக ஏறியது. நூற்றிருபதுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை; மழை, வெயில், நீரோட்டத்தில் அந்த அளவு ஏறி இறங்குவது சகஜம். ஒன்றாம் கோடு பழையபடி. இரண்டாம் கோடு பழையபடி.

மூன்றாம் கோடு பழையபடி இல்லை.

அங்கே இரும்பு ஃப்ரேம் காலத்தில் நூற்றைந்து. திருத்திய பிறகும் எண்பத்தொன்பதுதான். மற்ற இரண்டு கோடுகளும் ஃப்ரேம் மாறின அன்றைக்கு ஒரே படியாக இறங்கி, அங்கேயே நின்றிருந்தன. இது மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தது. கண்மதிப்பும் கூடவே இறங்கியிருந்தது. மூன்றாம் கோட்டின் பக்கத்தில்தான் ரேடியோவும் இன்னும் பதின்மூன்று படகுகளும் நங்கூரம் போடுவது.

அவள் டைரக்டரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார்.

"மூடினா புல்லுக்கு நல்லதா, கெட்டதா?"

"நல்லதுதான் சார்."

"மூணு வருஷமா மூடச் சொல்லி எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"அப்புறம் என்னம்மா? கையெழுத்து ஆகட்டும். அடுத்த அறிக்கையில ஃப்ரேம் திருத்தத்தைச் சேர்த்துடலாம். இப்பப் போய்ச் சொன்னா, நம்ம எண் ஒண்ணையும் நாளைக்கு ஒருத்தனும் நம்ப மாட்டான். புது நாலு கோடும் போயிடும். உங்க வேலை நீட்டிப்பும் அதுலதான் இருக்கு, தெரியும்ல?"

"தெரியும் சார்."

"யோசிச்சு வாங்க."

யோசிக்க ஒரு ராத்திரி இருந்தது. அவள் தூங்கிவிட்டாள். படகில் ரேடியோ பேசாமல் வந்தாரே, அப்போதே முடிவாகிவிட்டது.

வியாழக்கிழமை கூட்டத்தில் நீள மேஜை, பதினாறு நாற்காலி, சுவரோரம் நின்றபடி படகுக்காரர்கள். கையெழுத்துப் போட வேண்டிய தலைமை அதிகாரி ஒரு அம்மாள். கையில் பேனாவைத் திறந்தே வைத்திருந்தார். புல் மேடம் எழுந்து இரண்டு ஃப்ரேம்களையும் மேஜை மேல் வைத்தாள்; ஒன்றன் மேல் ஒன்றாக வைத்ததில் புதியது நாலு பக்கமும் கொஞ்சம் வெளியே நின்றது.

"தப்பு என்னோடது" என்று ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தாள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் சுவரோரம் ஒரு சிரிப்புக் கிளம்பி, கூடம் முழுக்கப் பரவியது. "புருஷனைக் கூப்பிட்டு கக்கூஸ் பைப் ஒழுகுதான்னும் கேளுங்க" என்று ஒருவர் கத்தினார். டைரக்டர் எதிரே இருந்த தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி அம்மாள் பேனாவை மூடினார். "அப்போ மூட வேண்டியதில்லை?"

"முழுசா மூட வேண்டியதில்லை மேடம். ஆனா இன்னொண்ணு இருக்கு. மூணாம் கோட்டுல நிஜமாவே குறைஞ்சிருக்கு. ஆறுல ஒரு பங்கு போயிடுச்சு. நங்கூரச் சங்கிலி சுத்திச் சுத்தி வேரோட அரைக்குது. அங்க நிக்கற பதினாலு படகும் வேற இடத்துக்கு நகரணும்."

சிரிப்பு சட்டென்று நின்றது. ரேடியோ முன்னால் வந்தார்.

"ஏன் மேடம், இப்பத்தானே உங்க கணக்கு தப்புன்னு நீங்களே சொன்னீங்க? வாய் மூடறதுக்குள்ள இன்னொரு கணக்கா? எங்களைப் பாத்தா எப்படித் தெரியுது?"

"அது தப்பு, இது சரி அண்ணே."

"அதையும்தானே சரின்னீங்க!"

அவர் கேட்டது நியாயம். அவள் மேஜையிலிருந்து பெரிய ஃப்ரேமை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

"அப்போ நீங்களே எண்ணுங்க. நான் எண்ணலை."

அதிகாரி அம்மாளுக்கு அது பிடித்துவிட்டது. மூடும் ஆணை நிறுத்தம். மூன்றாம் கோட்டைப் படகுக்காரர்களே மறுநாள் எண்ணிச் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். புது நாலு கோடுகள் அங்கேயே ரத்தாயின. வெளியே வரும்போது டைரக்டர், விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், பதில் எழுதித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் எட்டரை மணிக்கு வடிந்தது. முதலில் எண்ண இறங்கியவர் ரேடியோ. கடலில் நாற்பது வருடம் இருந்தவர், முகமூடிக் கண்ணாடி போட்டு அடியைப் பார்த்ததில்லை. முதல் ஃப்ரேமில் பாதியில் எண்ணிக்கை குழம்பி, தலையைத் தூக்கி, உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாவதில் வேகம் வந்தது. பத்து முடிய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. சராசரி எண்பத்தேழு.

"உங்களுது எவ்வளவு?"

"எண்பத்தொன்பது."

"ரெண்டு விட்டுட்டேன் போலிருக்கு" என்றார். பிறகு, யாரும் சொல்லாமலே, கோட்டை விட்டு விலகித் தன் படகு நிற்கிற பக்கம் நடந்து மறுபடி தலையைத் தண்ணீருக்குள் விட்டார். அங்கே ஃப்ரேம் தேவைப்படவில்லை. சங்கிலி புரண்ட இடமெல்லாம் வட்டம் வட்டமாக வெறும் மணல். ஒவ்வொரு படகுக்கும் ஒரு வட்டம், ஒரு அறை அகலத்துக்கு. வட்டத்தின் ஓரத்தில் பிடுங்கிக்கொண்ட வேர்கள் வெள்ளையாகத் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தன.

அவர் நிமிர்ந்தார்.

"இது என்னுது" என்றார், தன் படகுக்கு அடியில் இருந்த வட்டத்தைப் பார்த்து. பிறகு கண்ணாடியைக் கழற்றி அடுத்த படகுக்காரரிடம் கொடுத்தார். "நீ போய்ப் பாரு. உன்னுது என்னுதைவிடப் பெருசு."

ஒருவர் பின் ஒருவராக இறங்கிப் பார்த்தார்கள். இரண்டு பேர் பார்க்க மறுத்துக் கரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பார்த்துவிட்டு, புல் எங்கேயும்தான் சாகும் என்றார்.

ரேடியோ படகில் ஏறி நங்கூரத்தை இழுத்தார்.

"எங்க போடணும் மேடம்?"

"அந்தப் பக்கம், மணல் திட்டைத் தாண்டி. ஆழம் கொஞ்சம் கூட இருக்கும், தினம் கூடுதலா துடுப்புப் போடணும்."

"அது பரவாயில்ல."

மத்தியானத்துக்குள் பதினாலில் பதினொரு படகுகள் மணல் திட்டைத் தாண்டிப் போய்விட்டன. மூன்று போகவில்லை. புல் மேடம் சிலேட்டை எடுத்து, போனதையும் போகாததையும் குறித்துக்கொண்டாள்.